கடன் வரம்பும் பதினேழு நெஞ்சுவலிகளும்

எங்கள் தீவுக் குடியரசில், கடன் வரம்பை உயர்த்தும் நாளன்று எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கு நெஞ்சுவலி வரும். இருபத்தாறு வருடமாக அவைக்குறிப்பு எழுதுகிறேன். ஒரே ஒரு முறைதான் சரியாக வராமல் போயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் தமயந்தி. சபாநாயகர் மேடைக்குக் கீழே, இரு தரப்புக்கும் நடுவில் கிடக்கும் மேசை என்னுடையது. பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் இயந்திரங்கள் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் மூலப் பிரதி மனிதக் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனத்தில் யாரோ எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அதை மாற்ற வேண்டுமானால் இரண்டு கட்சிகளும் ஒத்துப்போக வேண்டும். ஆகவே என் வேலைக்கு ஆபத்து வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

கடன் வரம்பு என்பது இதுதான். இவ்வளவு செலவு செய்வோம் என்று வருட ஆரம்பத்தில் சபை தீர்மானம் போடும். செலவும் நடக்கும். சில வருடங்களுக்கு ஒரு முறை, பழைய வரம்பு தீர்ந்ததும், அந்தச் செலவுக்குக் கடன் வாங்கலாமா என்று அதே சபை தனியாக ஒரு வாக்கெடுப்பு நடத்தும். ஹோட்டலில் சாப்பிட்டு, கை கழுவி, பீடாவும் போட்டுக்கொண்டு, பில்லைக் கட்டலாமா கூடாதா என்று மேசையைச் சுற்றி விவாதிப்பது மாதிரி. கட்டவே கூடாது என்று அதிகம் கத்துகிறவர் அதிகம் சாப்பிட்டவராகத்தான் இருப்பார்.

எங்களுக்கு இரண்டு கட்சிகள். நங்கூரம், பாய்மரம். நங்கூரம் ஆளும்போது, வரம்பை உயர்த்தினால் நாடு திவாலாகிவிடும் என்று பாய்மரம் சொல்லும். பாய்மரம் ஆளும்போது அதே வாக்கியத்தை நங்கூரம் சொல்லும். நான் சில சமயம் பழைய ஏட்டைப் பார்த்து முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவேன். இரண்டு கமா மட்டும் மாறும்.

வரம்பை உயர்த்த, அவையில் இருப்பவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் ஆதரிக்க வேண்டும். மொத்தம் நூற்றெட்டு உறுப்பினர்கள். ஆளும் நங்கூரத்துக்கு ஐம்பத்தைந்து, பாய்மரத்துக்கு ஐம்பத்து மூன்று. தேவை அறுபத்தைந்து. எதிர்க்கட்சிக்காரர் ஆதரித்துப் பொத்தானை அழுத்தினால் அடுத்த தேர்தலில் அவர் கதை முடிந்தது. அழுத்தாவிட்டால் நாட்டின் கதை முடிந்தது. இதற்குத்தான் நெஞ்சுவலி. பதினேழு பேர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் அவையில் இருப்பவர்கள் தொண்ணூற்றொரு பேர். அதில் ஐம்பத்தைந்து என்பது அறுபது சதவீதத்துக்குச் சற்றே மேல். மசோதா நிறைவேறும். எதிர்க்கட்சியின் மானமும் போகாது. யார் யாருக்கு வலி வரும் என்ற பட்டியலை எதிர்க்கட்சித் தலைவரே முந்தின நாள் கொடுத்துவிடுவார். ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லி வைக்க வேண்டுமல்லவா!

தவறிப்போன அந்த ஒரு முறை நான்கு வருடங்களுக்கு முன்னால். ஆட்சி பாய்மரம், எதிர்ப்பு நங்கூரம். பட்டியலில் இருந்த இருவர் கடைசி நிமிடத்தில், நாங்கள் ஏன் படுக்க வேண்டும், வேறு யாராவது படுக்கட்டும் என்று முறுக்கிக்கொண்டார்கள். ஆறு நாள் இழுத்தது. அரசாங்கத்தால் எண்ணெய் வாங்க முடியவில்லை. தீவு தீவாகப் போய் சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரிக் கப்பல் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. என் கணவர் கோயில்பிள்ளைக்கு அந்தக் கப்பலில்தான் வாரம் மூன்று முறை ரத்த சுத்திகரிப்பு. அவர் உடம்பு வீங்கிப்போய்க் கிடந்து எப்படியோ பிழைத்துக்கொண்டார். பக்கத்துப் படுக்கை சூசையம்மாள் பிழைக்கவில்லை. எங்கள் தெருக்காரி. அவளைப் புதைத்த அன்று சபையில் இரு கட்சிகளும் ஒருவரையொருவர் கொலைகாரர்கள் என்று சொல்லிக்கொண்டன. இரண்டையும் நான்தான் எழுதினேன்.

இப்போது நகல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு பட்ஜெட் நாளில் அவையில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். அதிலும் நால்வர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். படம் ஊரெல்லாம் பரவி, மானம் போயிற்று. உடனே வருகைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு உறுப்பினரின் நாற்காலியிலும் சோற்றுப்பானை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் திரையில் உறுப்பினரின் முகம். தேர்தல் சுவரொட்டியில் இருந்த இளமையான முகம். அதற்குப் பெயர் நகல். உறுப்பினர் எழுந்து போனால் நகல் விழித்துக்கொள்ளும். அவர் இதுவரை பேசிய பேச்சையெல்லாம், அதாவது நான் எழுதிய ஏடுகளையெல்லாம், படித்த பெட்டி அது. அவர் குரலில் பேசும். அவர் எப்படி வாக்களிப்பாரோ அப்படியே வாக்களிக்கும். சட்டப்படி அந்த வாக்கு செல்லும். அணைத்தால் மூன்று வருடம் சிறை. உறுப்பினர்களே வராமல் நூற்றுக்கு நூறு வருகை! இரு கட்சிகளும் கை தட்டின.

அதற்குப் பிறகு வந்த முதல் கடன் வரம்பு வாக்கெடுப்பு, போன பங்குனியில்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதினேழு பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்ட்ரெச்சர்கள் வந்தன. முதல் ஆள் கதவைத் தாண்டியதும் அவருடைய நாற்காலியில் பெட்டி விழித்தது.

"மாண்புமிகு சபாநாயகர் அவர்களே! இந்த மசோதாவை என் உடலில் கடைசி மூச்சு உள்ளவரை எதிர்ப்பேன்!" என்றது.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தார். கண்ணைக் காட்டினார். கையை ஆட்டினார். பெட்டிக்குக் கண்சாடை புரியாது. பதினேழு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக விழித்து, ஆரோக்கியமாக, கணீரென்று எதிர்த்தன. ஆதரவு ஐம்பத்தைந்து, எதிர்ப்பு ஐம்பத்து மூன்று. மசோதா தோற்றது. வருகையை உயர்த்தப் பாடுபட்ட இத்தனை புத்திசாலிகளில் ஒருவருக்குக்கூட, இந்த நாடு இத்தனை காலம் ஓடியதே வராதவர்களால்தான் என்பது ஞாபகம் வரவில்லை.

கெடு வியாழக்கிழமை நண்பகல். என் கணவருக்கு அடுத்த சுத்திகரிப்பு வெள்ளிக்கிழமை காலை.

புதன்கிழமை பிற்பகல், என் ஏட்டறைக்கு மூன்று பேர் வந்தார்கள். அவை வளாகத்தில் கேமரா இல்லாத அறை அது ஒன்றுதான். பிரதமர் திருமேனிநாதன், எதிர்க்கட்சித் தலைவர் வடிவாம்பாள், நகல்களைப் பராமரிக்கும் பொறியாளர் சவரிமுத்து. பிரதமரின் மகனுக்கு வடிவாம்பாளின் மகளைத்தான் கட்டியிருக்கிறது. வெளியே துரோகி, உள்ளே சம்பந்தி.

"சம்பந்தியம்மா, உங்க ஆளுங்க நேர்ல வந்து ஆதரிச்சு அழுத்தினா முடிஞ்சு போச்சு" என்றார் பிரதமர்.

"அழுத்தினா எங்க கட்சி முடிஞ்சு போச்சு. நாலு வருஷம் முன்னாடி உங்க ஆளுங்க அழுத்தினாங்களா?"

"அது வேற."

"என்ன வேற?"

பிரதமர் என் மேசையில் இருந்த குண்டூசிகளை எண்ண ஆரம்பித்தார்.

சவரிமுத்து தொண்டையைக் கனைத்தான். எங்கள் கடற்கரைப் பக்கத்துப் பையன். முப்பத்தெட்டு வயதாகியும் எனக்குப் பையன்தான். "ஐயா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. நகலைப் பழக்கும்போது நாங்க எல்லாத்தையும் குடுத்தோம். கட்சி, தொகுதி, பொருளாதாரக் கணக்கு, ஆஸ்பத்திரிக் கணக்கு, தேர்தல் அறிக்கை எல்லாம். எதை வச்சு இவரு ஓட்டுப் போடுதாருன்னு அது தானா கண்டுபிடிக்கும். அது எல்லாத்தையும் ஓரமா தள்ளிட்டு, ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிட்டுது."

"எதை?"

"நாற்காலியை. சபாநாயகருக்கு வலது பக்கம் உக்காந்தா ஆதரவு. இடது பக்கம் உக்காந்தா எதிர்ப்பு. அந்த ஒண்ணை வச்சே இருபது வருஷ ஓட்டைத் தப்பில்லாம சொல்லுது."

இரு தலைவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"கட்சிக் கொள்கை?" என்று மெல்லக் கேட்டார் வடிவாம்பாள்.

"அதுல ஒண்ணும் கிடைக்கல மேடம்."

நான் இடையில் புகுந்தேன். "ஏம்ப்பா, அந்தப் பதினேழு நாற்காலியையும் தூக்கி வலது பக்கம் போட்டுட்டா?"

"ஆதரிச்சு ஓட்டுப் போடும் அக்கா. பிரமாதமா பேசவும் செய்யும்."

"ரெண்டு பக்கமும் இல்லாம வச்சா?"

அவன் சிரித்தான். "அப்ப அதுக்கு ஒண்ணுமே தெரியாது. பாவம், கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். ஆனா அப்படி ஒரு இடம் சபையில ஏது? உங்க மேசையைத் தவிர."

மற்ற இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்து நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை, மழையே இல்லாத பங்குனி வெயிலில், அவையின் கூரை ஒழுகியது. காவலர்கள் இரண்டு வாளித் தண்ணீரை இடது பக்கக் கம்பளத்தில் ஊற்றுவதை நான் பார்த்தேன். அந்த இடத்தில் இருந்த பதினேழு நாற்காலிகளை வலது பக்கம் மாற்றச் சபாநாயகர் உத்தரவிட்டார். வலது பக்கம் இடம் காலியில்லை. எதிர்க்கட்சியை ஈரத்தில் விடுவது மரபல்ல என்று பிரதமர் உருக்கமாகப் பேசினார். நிதியமைச்சர் இன்பராஜ் தலைமையில் பதினேழு அமைச்சர்கள் நேரில் வந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது பக்க ஈரத்தில் போய் உட்கார்ந்தார்கள். இந்தத் தியாகத்துக்குக் கைதட்டல் எழுந்தது. அதையும் எழுதினேன்.

பதினொன்றேகாலுக்கு விவாதம். சவரிமுத்து சொன்னது பலித்தது. பாய்மரத்தின் பதினேழு பெட்டிகளும் வலது பக்கம் இருந்துகொண்டு, நான்கு வருடங்களுக்கு முன் ஆளுங்கட்சியாகப் பேசிய அதே பேச்சை எடுத்துவிட்டன.

"பொறுப்பற்ற எதிர்க்கட்சியினரே! நாட்டை நடுக்கடலில் கவிழ்க்கப் பார்க்கிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி உண்டா?" என்று ஒரு பெட்டி இடது பக்கத்தைப் பார்த்து முழங்கியது.

இடது பக்கத்தில் நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர் நிதியமைச்சர். மசோதாவைக் கொண்டு வந்தவரே அவர்தான். அவர் முகம் சிவப்பதை நான் ஆறடித் தூரத்தில் இருந்து பார்த்தேன். நான்கு வருடங்களுக்கு முன்னால் அதே இடத்தில் உட்கார்ந்துதான் மசோதாவைக் கிழித்து எறிந்தார். இடது பக்க மேசைகளின் பலகை, ஆண்டாண்டாகத் தட்டித் தட்டி, உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருக்கும். அவர் கை அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது.

"யாருய்யா கவிழ்க்கிறது?" என்று எழுந்தார். "வாங்குன கடனெல்லாம் எங்கய்யா போச்சு? முதல்ல அதைச் சொல்லு!"

"சொல்லு! சொல்லு!" என்று மற்ற பதினாறு அமைச்சர்களும் மேசையைத் தட்டினார்கள்.

பிரதமர் எழுந்து இரண்டு கையையும் விரித்துச் சைகை காட்டினார். மனிதர்களுக்கும் கண்சாடை புரியாத நேரம் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன். மணி அடித்தது. வாக்கெடுப்பு. பலகையில் எண்கள் எரிந்தன.

ஆதரவு ஐம்பத்தைந்து. எதிர்ப்பு ஐம்பத்து மூன்று.

அதே எண்கள். இடம் மாறிய பெட்டிகள் பதினேழும் ஆதரித்திருந்தன. இடம் மாறிய அமைச்சர்கள் பதினேழு பேரும் எதிர்த்திருந்தார்கள்.

"இன்பராஜ்!" என்று அலறினார் பிரதமர். "உன் மசோதாய்யா அது!"

நிதியமைச்சர் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அழுத்தல தலைவரே" என்றார். "கை தானா போயிருச்சு."

மணி பதினொன்று நாற்பத்தாறு. சபாநாயகர் இன்னும் ஒரு முறை வாக்கெடுப்பு நடத்தலாம். ஆனால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன். இவர்களுடைய இத்தனை பேச்சையும் இருபத்தாறு வருடம் மாங்கு மாங்கென்று எழுதியிருக்கிறேனே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது. காலையில் கிளம்பும்போது கோயில்பிள்ளை கேட்டது ஞாபகம் வந்தது. "நாளைக்குக் கப்பல் வரும்லா?" என்றார். வரும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அவையில் ஊழியர் வாய் திறந்தால் வேலை போகும். நான் எழுந்தேன்.

"ஐயா, அந்தப் பதினேழையும் என் மேசைகிட்டக் கொண்டு வாங்க. இங்க எந்தப் பக்கமும் கிடையாது."

மேசையே பேசிவிட்டது போல சபாநாயகர் என்னைப் பார்த்தார். "ஊழியர் பேச விதியில்லை!" என்று எழுந்த வடிவாம்பாள், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிரதமர் தலையை அசைத்தார். காவலர்கள் பதினேழு நாற்காலிகளையும் தூக்கி வந்து என்னைச் சுற்றிப் போட்டார்கள். அமைச்சர்கள் ஈர வேட்டியோடு தங்கள் இடத்துக்கு ஓடினார்கள்.

பெட்டிகள் வாயடைத்திருந்தன. அந்தச் சுவரொட்டி முகங்கள் அப்படி விழித்து நான் பார்த்ததே இல்லை.

"நான் எந்தப் பக்கம்?" என்று ஒரு பெட்டி கேட்டது.

"பக்கம் இல்ல" என்றான் சவரிமுத்து.

பிறகு அது கேட்டது: "இந்த வரம்பை உயர்த்தாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?"

இந்தக் கேள்வியை நான் அதுவரை எழுதியதே இல்லை. பதில் சொல்ல வேண்டியவர் நிதியமைச்சர். அவர் கோப்பைப் புரட்டினார். வரம்பு யாரால் தீர்ந்தது என்பதற்கு அறுபது பக்கம் இருந்தது. தீர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

நான் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கப்பலில் நாற்பத்து மூன்று படுக்கை இருக்கிறது என்றேன். எண்ணெய் இல்லாவிட்டால் கப்பல் நின்றுவிடும், போன தடவை ஆறு நாள் நின்றது, சூசையம்மாள் செத்துப்போனாள், அவளுக்கு நாற்பத்தொன்பது வயது என்றேன். நாளைக்குக் காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் போக வேண்டும் என்றேன்.

"சரி" என்றது பெட்டி.

"சரி" என்றது அடுத்தது. பதினேழும் சொல்லின. எங்கள் சபையின் வரலாற்றிலேயே மிகச் சிறிய பேச்சுகள் அவைதான். ஆதரவு எழுபத்திரண்டு, எதிர்ப்பு முப்பத்தாறு. மணி பதினொன்று ஐம்பத்தெட்டு.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கப்பல் வந்தது. கோயில்பிள்ளையின் கையில் ஊசி ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "உன் வேலை போயிருமா?" என்று கேட்டார். "போனா போகுது" என்றேன். அப்படி ஒரு நிம்மதி எனக்கு வெகு நாளாக இருந்ததில்லை.

வேலை போகவில்லை. திங்கட்கிழமை சபை கூடியபோது நெஞ்சுவலிக்காரர்கள் பதினேழு பேரும் குணமாகி வந்திருந்தார்கள். இரு தரப்பும் அதிசயமாக அமைதி காத்தன. வடிவாம்பாள் எழுந்து, வியாழனன்று நகல் கேட்ட கேள்வி அவை மரபுக்குப் பொருந்தாதது, அதைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்றார். பிரதமர் எழுந்து, அப்படியானால் அமைச்சர்கள் எதிர்த்து வாக்களித்ததையும் நீக்க வேண்டும் என்றார். இரண்டும் நீக்கப்பட்டன. ஊழியரின் பேச்சு, பேசப்படாததாகக் கருதப்பட்டது. அதன் பிறகு இரு தலைவர்களும் சேர்ந்து ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள்: இனி அவையின் நடுவில் மேசையோ நாற்காலியோ இருக்கக் கூடாது, குறிப்பு எழுதுபவர் மேல்மாடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அமர வேண்டும்.

விவாதம் இல்லை. நேரில் வந்திருந்த நூற்றெட்டுப் பேரும் ஆதரவு. எதிர்ப்பு இல்லை.

நீக்கிய வரிகளை எழுதியவரே அடிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கேள்வியை என் கையால் அடித்தேன். பிறகு, தீர்மானத்தின் கீழே 'ஒருமனதாக' என்று எழுதினேன். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக எழுதும் சொல். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே காவலர்கள் மேசையைத் தூக்கிவிட்டதால் எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.